அண்டை வீட்டு வைஃபையும் ஏழாம் கற்பனையும்



ஏழாம் கற்பனை இன்னதென்று புதுநன்மைக்கு ஆயத்தஞ் செய்யும் குழந்தையைக் கேட்டாலும் தட்டாமல் சொல்லும். பிறர் பொருளைக் களவாடலாகாது, அவ்வளவுதான். அயலான் வீட்டு ஆடு, தோப்புத் தேங்காய், சைக்கிள், சட்டைப்பையிலுள்ள பணம், இவற்றைப் பற்றி நம்மில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள், சுவரைக் கடந்து, அழைக்காமலே நம் வீட்டுக் கூடத்தில் வந்து நிற்குமானால், அதை எடுத்துக்கொள்வது களவாகுமா? அதைப் பூட்டாமல் விட்டு வைத்திருப்பவர் தர்மவானா, அசட்டையானவரா? பூட்டி வைப்பவர் விவேகியா, உலோபியா? இக்கேள்விகளை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம். பேசப்போவது வீடுகளில் வைக்கப்படும் வைஃபையைப் பற்றி.

அற்ப விஷயம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். நம் புதுக்கோட்டை ஜில்லாவில் டவுனில் மட்டுமன்று, ஆலங்குடி, அறந்தாங்கி, கீரனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் இன்று வீட்டுக்கு வீடு இந்தப் பெட்டியைக் காண்கிறோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அரபு நாடுகளிலும் உழைக்கும் தகப்பன்மாரின் முகத்தைப் பிள்ளைகள் இரவில் பார்ப்பது இதன் வழியாகத்தான். அவர்கள் அனுப்பும் பணம் வந்து சேர்ந்ததா என்று தாய்மார் பார்ப்பதும் இதன் வழியாகத்தான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை பாடம் கேட்பதும் இதில்தான். ஒரு குடும்பத்தின் பாசமும் பணமும் படிப்பும் நற்பெயரும் ஒரு சிறு பெட்டிக்குள் போய் வருகின்றன. அப்பெட்டியின் கதவை அண்டை வீட்டார் எப்படி நடத்துகிறார்கள் என்பது கிறிஸ்தவனின் மனச்சாட்சிக்குரிய கேள்வியே.

நான்கு ஆட்சேபனைகள்

கேளாமல் அண்டை வீட்டு வைஃபையைப் பயன்படுத்துகிறவர்கள் தங்களைக் கள்வர் என்று எண்ணுவதில்லை. அவர்கள் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். ஏனெனில் அவை முழுவதும் அசட்டு நியாயங்களல்ல.

முதல் ஆட்சேபனை: “நான் அவர் வீட்டுக்குள் போகவில்லை. அலைதான் என் வீட்டுக்குள் வருகிறது.” ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் பலா மரங்கள் மிகுதி என்பதை அறிவோம். அயலான் மரத்துக் கிளை வேலியைத் தாண்டி நம் கொல்லையில் பழுத்துத் தொங்கினால், நல்ல மனுஷர் என்ன செய்கிறார்கள்? வேலிக்கு அப்பால் நின்று, “அண்ணே, உங்கள் பழம் பழுத்துவிட்டது, வந்து வெட்டிக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். அந்த அண்ணன் வந்து வெட்டிப் பாதியை நம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார். கிளை இங்கே வந்தாலும் வேர் அங்கே இருக்கிறதென்பதை இருவரும் அறிவார்கள். மேலும் வைஃபை அலை வானொலியைப் போன்றதன்று. வானொலியில் நிலையம் பேசுகிறது, நாம் கேட்கிறோம்; நம்மிடமிருந்து நிலையத்துக்கு ஒன்றும் போவதில்லை. வைஃபையிலோ நம் கைபேசி ஒவ்வொரு தடவையும் அயலானுடைய பெட்டிக்குத் தன் அலையை அனுப்பி, “இதைக் கொண்டுவா, அதைக் கொண்டுபோ” என்று வேலை ஏவுகிறது. ஆகவே நாம் திண்ணையை விட்டு எழுந்திராவிட்டாலும் அவர் வீட்டுக்குள் போய்த்தான் இருக்கிறோம்.

இரண்டாம் ஆட்சேபனை: “நான் எடுப்பதால் அவருக்கு ஒன்றும் குறையவில்லையே.” முற்காலத்தில் அடுப்பு மூட்ட அடுத்த வீட்டிலிருந்து நெருப்பு வாங்கி வருவார்கள். கொடுத்தவள் அடுப்பில் நெருப்பு குறையாது. ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கை ஏற்றுவதும் அப்படியே. வைஃபையும் அத்தகையதானால் இந்த நியாயத்தில் பாதி செல்லும். ஆனால் அது நெருப்பைவிடக் கிணற்று நீருக்கே அதிகம் ஒப்பாகும். ஒரு குடம் மொண்டால் தெரியாது. பத்துக் குடம் மொண்டால் ஊற்று தங்கும். ஒரே கம்பியில் வரும் வேகத்தைத்தான் அதில் இணைந்த எல்லாரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நாம் இரவெல்லாம் சினிமாப் படம் இறக்கிக்கொண்டிருந்தால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர் முகம் அசையாமல் நின்றுபோகும். பல இணைப்புகளில் மாதத்துக்கு இவ்வளவு என்று ஓர் அளவு உண்டு. அது கடந்தால் வேகம் இறங்கிவிடும். பணம் கட்டினவர் ஏன் இறங்கிற்று என்று அறியாமல் கேபிள்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார். நட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் நட்டமே இல்லையென்று ஆகிவிடாது.

மூன்றாம் ஆட்சேபனை: “அவர் பூட்டவில்லையே.” வேலியில்லாத கடலைக் கொல்லை யாருக்கும் பொதுவல்ல. உச்சிக் காலத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குகிற பாட்டி, தெருவில் போகிறவர்களையெல்லாம் பாத்திரம் எடுத்துப் போகச் சொன்னதாக யாரும் சாதிக்க மாட்டோம். இந்திய அரசாங்கத்தின் 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் இதையே சொல்கிறது. அதன் 43-ம் பிரிவு, உடையவரின் அனுமதியின்றி ஒரு கணினியிலோ அது சேர்ந்த வலையமைப்பிலோ நுழைவதைக் குற்றமாகக் கூறுகிறது. பூட்டியிருந்ததா, திறந்திருந்ததா என்று அது முதலில் கேட்கவில்லை. அனுமதி இருந்ததா என்றுதான் கேட்கிறது. வஞ்சக எண்ணத்தோடு அப்படிச் செய்தவர்களுக்கு 66-ம் பிரிவின்படி 3 வருஷம் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பிறருடைய பாஸ்வேர்டை வஞ்சகமாகப் பயன்படுத்துவதற்கு 66சி என்று தனிப்பிரிவே உண்டு.

நான்காம் ஆட்சேபனைதான் கனமானது: “நாங்கள் ஏழைகள். எங்கள் பிள்ளையின் படிப்புக்கு வேறு வழியில்லை.” இதைக் கேட்டுச் சிரிக்கிறவன் கிறிஸ்தவனல்லன். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்து பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த மாதங்களில், கைபேசியும் நெட்டும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கிப் போனார்கள் என்பதை நாம் கண்ணால் கண்டோம். அதற்கு முன்பே, 2019 செப்டம்பரில், கேரள உயர்நீதிமன்றம் ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில், இணையத்தை அடையும் உரிமை கல்வியுரிமையோடு சேர்ந்தது என்று தீர்ப்புக் கூறிற்று. அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் போதித்தது நம் திருச்சபையின் பழைய போதனை: உயிர் போகும் நெருக்கடியில், வேறு எவ்விதத்திலும் தீராத அவசரத் தேவையில், பிறர் பொருளை எடுப்பது களவாகாது, ஏனெனில் சர்வேசுரன் உலகத்தின் பொருள்களை எல்லா மனுஷருக்காகவும் படைத்தார்.

ஆனால் இப்போதனையின் எல்லையைக் கவனியுங்கள். வேறு வழி இல்லாதபோது என்கிறார் அவர். அண்டை வீட்டு வைஃபையைப் பொறுத்தமட்டில் ஒரு வழி எப்போதும் இருக்கிறது. அது கேட்பது. “அக்கா, பரீட்சை முடியுமட்டும் பிள்ளைக்கு உங்கள் நெட்டைக் கொஞ்சம் கொடுப்பீர்களா?” என்று கேட்க ஆகும் செலவு, சற்றுக் கூச்சம் மட்டுமே. அந்தக் கூச்சத்தைத் தப்பித்துக்கொள்ளத்தான் பெரும்பாலோர் கேளாமல் எடுக்கிறார்கள். கேட்டும் இல்லையென்று சொல்லிவிட்டால் பாரம் கேட்டவர்மேல் அல்ல, மறுத்தவர்மேல் இறங்குகிறது. 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் தொழிலாளரைக் குறித்து எழுதிய சுற்றுமடலில், பொருள் தனக்குச் சொந்தமானாலும் அதன் பயனில் தேவையுள்ளோருக்குப் பங்கு உண்டென்பதை அழுத்தமாய்ப் போதித்தார். கொடுக்கக்கூடியவன் கொடாமலிருந்தால் அதற்கும் கணக்குக் கேட்கப்படும்.

திராட்சைத் தோட்டமும் கூடையும்

இவ்விடத்தில் வேதாகமம் அறிந்த ஒருவர் குறுக்கிடலாம். உபாகமத்தில் ஒரு விசித்திரமான சட்டம் உண்டு. பிறனுடைய திராட்சைத் தோட்டத்துக்குள் போகிறவன் பசியாறத் தின்னலாம், பாத்திரத்தில் போட்டுக்கொண்டு போகலாகாது. பிறனுடைய வயலில் கையால் கதிர் கொய்யலாம், அரிவாள் இடலாகாது. அப்போஸ்தலர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்து தின்றபோதுகூட, பரிசேயர் ஓய்வுநாளை மீறினதாகக் குற்றஞ் சொன்னார்களேயன்றிக் களவென்று சொல்லவில்லை. அப்படியானால் ஒரு செய்தி பார்ப்பதற்கு, ஒரு படிவம் அனுப்புவதற்கு, அயலான் வைஃபையைத் தொடலாமல்லவா?

நல்ல கேள்விதான். ஆனால் அந்தச் சட்டம் இஸ்ராயேல் முழுவதற்கும் சர்வேசுரன் வெளிப்படையாய்க் கொடுத்த அனுமதி. தோட்டக்காரன் அதை அறிந்தே தோட்டம் வைத்தான். வழிப்போக்கனும் அறிந்தே உள்ளே போனான். இரகசியம் அதில் இல்லை. நம் தெருவில் அப்படியொரு பொது ஏற்பாடு இல்லாமையால், அனுமதி உடையவர் வாயிலிருந்தே வரவேண்டும். இரண்டாவது, அனுமதி இருந்தபோதும் அந்தச் சட்டம் அளவு வைத்தது. கையும் வயிறும் தேவையின் அளவு; கூடையும் அரிவாளும் பேராசையின் அளவு. அயலார் அன்போடு கொடுத்த பாஸ்வேர்டைக் கொண்டு பிள்ளை பாடம் படிப்பது கையால் கொய்த கதிர். அதே பாஸ்வேர்டைத் தெருப் பையன்கள் எட்டுப் பேருக்குச் சொல்லி, நாள் முழுதும் விளையாட்டும் படமும் இறக்குவது அரிவாள்.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்

இதுமட்டும் எடுப்பவரைப் பற்றிப் பேசினோம். இனி உடையவரிடம் வருவோம். “என் வைஃபை திறந்தே கிடக்கட்டும், யாராவது பயன்படுத்திவிட்டுப் போகட்டும், புண்ணியம்” என்று சொல்லும் நல்ல மனசுக்காரர்கள் உண்டு. அவர்கள் மனசைக் குறை கூறோம். ஆனால் ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள்.

2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 56 பேர் மாண்டனர். வெடிப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன் பத்திரிகை நிலையங்களுக்கு மிரட்டல் மின்மடல் ஒன்று வந்தது. போலீசார் அதன் தடத்தைப் பிடித்துப் போனபோது, அது நவி மும்பையில் சான்பாடா என்னுமிடத்தில் குடியிருந்த ஓர் அமெரிக்கருடைய வீட்டில் போய் முடிந்தது. அவர் வீட்டு வைஃபை பூட்டப்படாமல் இருந்தது. யாரோ அதில் நுழைந்து அந்த மடலை அனுப்பியிருந்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மும்பையின் ஒரு கல்லூரி, ஒரு கம்பெனி ஆகியவற்றின் வைஃபை வழியாக இப்படியே மடல்கள் போயின. 2009 பிப்ரவரியில் மத்திய அரசாங்கத்தின் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைப்பது குறித்து இணைய நிறுவனங்களுக்குக் கட்டளை அனுப்பியது.

இதன் காரணம் விளங்கினால் எல்லாம் விளங்கும். வீட்டிலுள்ள கைபேசிகள் பத்தானாலும், வெளி உலகத்துக்கு அவ்வீட்டின் இணைப்புக்கு ஒரே எண்தான். கதவிலக்கம் போல அது. உள்ளிருந்து யார் எதை அனுப்பினாலும் அந்த இலக்கத்திலிருந்து வந்ததாகவே பதிவாகும். ஆகவே வைஃபையைக் கொடுப்பது நெருப்புக் கொடுப்பதும் நீர் கொடுப்பதும் மட்டுமன்று. நம் பெயரையும் சேர்த்துக் கொடுப்பதாகும். கையெழுத்திட்ட வெற்றுத் தாளைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவதைத் தர்மம் என்று யாராவது சொல்வார்களா? ஏழாம் கற்பனையில் தொடங்கின விஷயம் இங்கே எட்டாம் கற்பனையில், நற்பெயரைக் காக்கும் கற்பனையில், வந்து நிற்கிறது.

அமெரிக்காவில் பஃபலோ என்னும் நகரில் 2011 மார்ச்சில் விடியற்காலையில் துப்பாக்கியோடு போலீசார் ஒரு வீட்டுக்குள் நுழைந்தார்கள். குழந்தைகளைப் பற்றிய ஆபாசப் படங்களை இறக்கினான் என்று வீட்டுக்காரர்மேல் சந்தேகம். அவர் நிரபராதி. பூட்டாத அவர் வைஃபையைக் கொண்டு அதைச் செய்தவன் அயல்வாசி. சில நாட்களில் உண்மை தெரிந்து அயல்வாசி பிடிபட்டான். ஆனால் அந்தச் சில நாட்கள் அக்குடும்பம் தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடந்திருக்கும்? நம் ஊரில் இப்படியொரு பழி ஒரு வீட்டின்மேல் விழுமானால், வழக்கு முடிந்தாலும் பேச்சு முடியுமா? கலியாணத்துக்கு நிற்கும் பெண்ணிருக்கிற வீடு என்னவாகும்?

மோயீசன் மூலமாய்க் கொடுக்கப்பட்ட சட்டங்களில் இதற்கும் வழி இருக்கிறது. புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் வைக்கவேண்டும். யாராவது விழுந்து மாண்டால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் எச்சரிக்கிறது. குழி தோண்டி மூடாமல் விட்டவன், அதில் பிறன் மாடு விழுந்தால் ஈடு கொடுக்கவேண்டும் என்கிறது யாத்திராகமம். விழவேண்டுமென்று அவன் விரும்பவில்லை; ஆனாலும் மூடியிருக்கலாம், மூடவில்லை. அதுதான் குற்றம். வைஃபைக்குப் பூட்டுப் போடுவதும் அத்தகைய கைப்பிடிச் சுவரே. சுவர் எழுப்புகிறவன் விருந்தாளியை வெறுப்பதில்லை; மாடிக்கு வருகிற பிள்ளை விழாதிருக்கவே எழுப்புகிறான்.

தீங்கு நம் வீட்டோடு நிற்பதுமில்லை. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய பெரிய இணையதளங்கள் பல மணி நேரம் முடங்கின. காரணம், உலகெங்கும் வீடுகளில் இருந்த காமிராக்களையும் வைஃபைப் பெட்டிகளையும் மிராய் என்னும் கள்ள நிரல் ஒன்று கூட்டமாய்ப் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. அது உள்ளே நுழைந்த வழி யாதெனில், தொழிற்சாலையில் வைத்த ‘அட்மின்’ முதலிய பாஸ்வேர்டுகளை வாங்கினவர்கள் மாற்றாமல் விட்டதுதான். தாங்கள் ஒரு தாக்குதலுக்குத் துணைநின்றோம் என்பது அக்குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது.

சட்டம் இவ்விஷயத்தில் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறுகிறது. ஜெர்மனியின் உயர்ந்த நீதிமன்றம் 2010-ல், வைஃபையைச் சரியாய்ப் பூட்டாதவரும் பொறுப்பாளியே என்றது. 2017-ல் அந்நாட்டுச் சட்டமே மாறி அந்தப் பொறுப்பைத் தளர்த்திற்று. சட்டம் தளர்ந்ததால் மனச்சாட்சியின் கடமை தளர்ந்துவிடவில்லை. எது குற்றமென்று சட்டம் சொல்லும். அயலானுக்கு எது நன்மை என்பதை அன்புதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

பூட்டியபின் கொடுங்கள்

அப்படியானால் பூட்டிவிட்டுச் சாவியைப் பெட்டியில் வைத்துக்கொள்வதுதான் கிறிஸ்தவ ஒழுக்கமா? இல்லை. நம் நாட்டு ஊருணியைப் பாருங்கள். அது ஊருக்குப் பொது. பொதுவென்பதற்காக யாரும் அதில் மாடு கழுவ விட்டதில்லை. அதற்குக் கரையும் படித்துறையும் கட்டுப்பாடும் இருந்தன. காவல் இருந்ததால்தான் எல்லாரும் குடிக்க முடிந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்து, நம் ஜில்லாவில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து, பல நாள் மின்சாரமின்றி இருண்டு கிடந்தபோது, அண்டை அயலாரே ஒருவருக்கொருவர் துணை என்பதைக் கற்றுக்கொண்டோம். அத்தகைய அயலாருக்கு நம்மிடமுள்ளதில் பங்கு கொடுப்பதற்கு வழி இருக்கிறது.

வழி யாதெனில், பெரும்பாலான பெட்டிகளில் விருந்தினருக்கென்று வேறொரு பெயரும் வேறொரு பாஸ்வேர்டும் வைக்கலாம். அதில் இணைகிறவருக்கு வெளி இணையம் கிடைக்கும். நம் வீட்டுக் கணினியும் காமிராவும் அவர் கைக்கு எட்டாதிருக்கும். ஆனால் முன்சொன்ன கதவிலக்கம் இரண்டுக்கும் ஒன்றே. ஆதலால் விருந்தினர் வைஃபையையும் தெரிந்தவருக்கே, நம்பத்தக்கவருக்கே கொடுக்கவேண்டும். இத்தனை மாதம், இன்னின்ன உபயோகத்துக்கு என்று முகத்துக்கு நேரே பேசிக் கொடுங்கள். உங்கள் நிறுவனத்தின் ஒப்பந்தம் வேறு வீட்டாருக்குக் கொடுப்பதைத் தடுக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்; தடுக்குமானால், ஏழைப் பிள்ளையை உங்கள் கூடத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லலாம். அது இன்னும் மேலான தர்மம், நெட்டோடு ஒரு தம்ளர் காப்பியும் கிடைக்கும். நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் வீடு சந்திக்கும்போது, எந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த வசதி இல்லையென்று விசாரிப்பது நன்று.

பூட்டு எப்படியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். இணைப்புக் கொடுக்க வருகிறவர் வீட்டுக்காரருடைய கைபேசி எண்ணையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போவதுண்டு. தெரு முழுவதும் அறிந்த எண் பூட்டாகாது. பிள்ளையின் பெயர், 12345678 இவையும் அப்படியே. தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். பெட்டியின் உள் அமைப்பைத் திறக்கும் ‘அட்மின்’ பாஸ்வேர்டு வேறு, அதையும் மாற்றுங்கள். டபிள்யூ.இ.பி. என்னும் பழைய பூட்டு 1997-ல் வந்தது. 2001-லேயே உடைபடக்கூடியதென்று அறிஞர் நிரூபித்துவிட்டார்கள். டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இருக்கிறதா என்று கேபிள்காரரைக் கேளுங்கள். பொத்தானை அமுக்கினால் இணையும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்து வையுங்கள். வங்கிச் செயலிகள் தங்கள் செய்தியைத் தாங்களே மறைத்து அனுப்புகின்றன. ஆகவே வைஃபை திறந்திருந்த மாத்திரத்தில் பணம் போய்விடும் என்று கலங்க வேண்டாம். ஆனால் அசட்டையாய் இருக்கவும் வேண்டாம்.

நாவும் கண்ணும்

இன்னும் இரண்டு சோதனைகளைப் பற்றி எச்சரிக்காமல் முடிக்கலாகாது.

ஒன்று, எட்டிப் பார்க்கும் சோதனை. வைஃபை கொடுத்தவருக்கு, யார் எந்நேரம் இணைந்தார்கள் என்பது பெட்டியில் தெரியும். சில பெட்டிகளில் எந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்பதும் தெரியும். அயல் வீட்டுப் பையன் இரவு ஒரு மணிக்கு விழித்திருந்தான் என்பதைக் கிணற்றடியில் பேசுவதற்காக நாம் அவனுக்கு நெட் கொடுக்கவில்லை. ஆபத்தைக் கண்டால் தாய் தகப்பனிடம் தனியே சொல்லுங்கள், மற்றதைக் காணாதவராயிருங்கள். உதவி பெற்றவனுடைய இரகசியம் உதவி செய்தவனுக்கு விலையாகாது.

மற்றொன்று, அவசரத் தீர்ப்பு. வேகம் குறைந்த உடனே, “அடுத்த வீட்டான்தான் திருடுகிறான்” என்று முடிவுகட்டுவது எளிது. பெட்டியில் இணைந்திருக்கும் கைபேசிகளின் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் அது நம் வீட்டு மகனுடைய இரண்டாவது கைபேசியாக இருக்கும். அல்லது மருமகப்பிள்ளை போன தடவை வந்தபோது இணைத்த டி.வி.யாக இருக்கும். மெய்யாகவே வேறொருவர் இருந்தாலும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் தீர்ந்தது, சண்டைக்கு வேலையில்லை. அண்டை வீட்டுப் பகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்ததைச் சொல்லலாம். தன்மேல் போலீசில் முறையிட்ட அண்டை வீட்டாரைப் பழிவாங்க ஒருவன் 2009-ல் அவர்களுடைய வைஃபைப் பூட்டை உடைத்து, அவர்கள் பெயரில் ஆபாசப் படங்களும், துணை ஜனாதிபதிக்கு மிரட்டல் மடலும் அனுப்பினான். பூட்டு இருந்தது, பழைய டபிள்யூ.இ.பி. பூட்டு. 2011-ல் அவனுக்கு 18 வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது. வைஃபைப் பூட்டு உடைபட்டது பின்பு. அயலானை நேசிக்கக் கடமைப்பட்ட இருதயம் முன்பே உடைந்திருந்தது.

என்ன செய்யலாம்?

இதுவரை அண்டை வீட்டு வைஃபையை இரகசியமாய்ப் பயன்படுத்தி வந்தவர் என்ன செய்யவேண்டும்? கொஞ்சம் எடுத்திருந்தால் விஷயம் அற்பமே. ஆயினும் அற்பப் பாவமும் பாவம்தான். முதலில் நிறுத்துங்கள். பிறகு, களவுக்கு மனஸ்தாபம் மட்டும் போதாது, ஈடுசெய்யவும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். நீண்ட காலம் பயன்படுத்தியிருந்தால் அயலாரிடம் சொல்லி, இனி மாதக் கட்டணத்தில் பங்கு தருகிறோம் என்று கேளுங்கள். சொல்ல முடியாத நிலைமையானால் பங்குச் சுவாமியாரிடம் ஆலோசனை பெற்று, வேறு விதத்தில் அந்த வீட்டுக்கு நன்மை செய்யுங்கள்.

தாய் தகப்பன்மாரே, உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அண்டை வீட்டுப் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்ததைச் சாமர்த்தியம் என்று நீங்களே மெச்சினால், நாளை அவன் வேறு எதைக் கண்டுபிடித்து வந்தாலும் தடுக்க உங்களுக்கு நாவிராது. 2025 செப்டம்பர் 7 அன்று 14-ம் சிங்கராயர், அதாவது லியோ பாப்பரசர், கார்லோ அக்குத்திஸ் என்னும் சிறுவனை அர்ச்சியசிஷ்டவர் வரிசையில் சேர்த்தார். 2006-ல் 15 வயதில் இறந்த அச்சிறுவன், கணினியில் தனக்கிருந்த திறமையைக் கொண்டு தேவநற்கருணை அற்புதங்களை உலகம் அறியச் செய்தான். அதே கருவி, அதே சாமர்த்தியம். யாருக்காகப் பயன்படுகிறது என்பதில்தான் பேதம்.

அயலான் யார் என்று சேசுநாதரைக் கேட்டவனுக்கு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனையும் அவனைத் தூக்கிச் சென்ற சமாரியனையும் காட்டினார் நம் ஆண்டவர். இன்று நம் அயலார் மதிற்சுவருக்கு அப்பால் இருப்பவரும், நம் பெட்டியின் வழியாய்த் தீங்கடையக்கூடிய தூரதேசத்தாருமே. ஆகையால் இந்த வாரத்தில் மூன்று காரியம் செய்யுங்கள்: உங்கள் வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்; கேளாமல் எடுத்ததை நிறுத்துங்கள்; அடுத்த வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு நெட் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மூன்றாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால் வீடு பத்திரமாயிருக்கும், தெரு பத்திரமாயிராது.

சர்வேசுரன் நம் வீடுகளையும், வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர்களையும், அச்சுவர்களைக் கடந்து போகிற எல்லாவற்றையும் ஆசீர்வதிப்பாராக.